வலி வரும் இடம்

ஜூன் 3, திங்கள்

காலையில் தொட்டி நிரப்பினேன். நான்கு சேலைகளுக்குக் கஞ்சி போட்டேன். பதினொரு மணிக்கு டாக்டர் அஃப்ரோஸைப் பார்த்தேன். என் இடது காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதாம்.

கையில் ரத்த அழுத்தம் பார்ப்பதுபோலக் கணுக்காலிலும் பட்டையைச் சுற்றிப் பார்த்தார்கள். கையில் இருக்கும் வேகம் காலில் இல்லை. கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் இறுகிக் கல்லாவதும், நின்றால் சரியாவதும் அதனால்தான். நான் அதை வயதுக்கு வரும் பிடிப்பு என்று விட்டுவிட்டேன். வயதைப் பற்றியும் நான் அதிகம் யோசிப்பதில்லை.

டாக்டர் காயல்பட்டினத்துப் பெண். நாற்பது வயது இருக்கலாம். சுற்றி வளைத்துப் பேசாதவர். அது எனக்குப் பிடித்தது. சொன்னது பிடிக்கவில்லை.

"தினமும் நடக்கணும் மேடம். வலி வர்ற வரைக்கும் நடங்க. வந்தப்புறமும் கொஞ்சம் நடங்க. தாங்க முடியலன்னா நில்லுங்க. வலி போனதும் திரும்ப நடங்க."

"நடந்தா வலிக்குதுன்னுதானே டாக்டர் உங்ககிட்ட வந்தேன்?"

"அந்த வலிதான் வேலை செய்யும். ரத்தம் பத்தலன்னு கால் கத்துது. தினமும் கத்த விட்டீங்கன்னா, சும்மா கிடக்கிற சின்னச் சின்னக் குழாயெல்லாம் அகலமாகி வேலைக்கு வரும். அடைச்ச குழாய் திறந்துரும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா வயசாக ஆகக் குழாயோட சுவர் விறைச்சுப் போகுது பாருங்க, அது நடக்க நடக்க இளகும். காலுக்கு மட்டுமில்ல. நெஞ்சுக்குப் போறது, தலைக்குப் போறது எல்லாத்துக்கும் சேர்த்துத்தான்."

மாத்திரைகளை விடக் கூடாது. செப்டம்பரில் மறுபடி பார்ப்பார். முன்னேற்றம் இல்லையென்றால் குழாய்க்குள் பலூன் விட வேண்டியிருக்கும். சும்மா படுத்திருக்கும்போதே வலித்தாலோ, பாதத்தில் ஆறாத புண் வந்தாலோ அன்றைக்கே ஓடிவர வேண்டும். காலையே இழக்கிறவர்கள் அந்த இடத்தில்தான் அசட்டையாக இருந்துவிடுகிறார்களாம்.

"மகன்கிட்ட சொல்லிருங்க மேடம்."

பார்க்கலாம் என்றேன்.

நெவிலிடம் சொல்லப்போவதில்லை. காரணத்தை ஒரு முறை மட்டும் இங்கே எழுதுகிறேன். பிப்ரவரியில் நான் குளியலறையில் வழுக்கி விழுந்தபோது அவன் பெங்களூரிலிருந்து ஓடிவந்தான். "இன்னொரு தடவை உடம்புக்கு ஏதாவது வந்துச்சுன்னா, வீட்டை வித்துட்டு எங்ககூட வந்துரணும்மா" என்றான். நான் சரி என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கை மீறும் வழக்கம் எனக்கு இல்லை. ஆகவே இது உடம்புக்கு வந்தது ஆகாது. ஒரு காலுக்கு வந்தது.

ஜூன் 4, செவ்வாய்

ஐந்தரைக்குக் கிளம்பினேன். தையல்கடை தாண்டி, ஐஸ் கம்பெனி தாண்டி, டீக்கடை வந்தபோது கால் கல்லாகிவிட்டது. நின்றேன். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவன் உள்ளே போய் ஸ்டூல் எடுத்துவந்தான்.

"ஆச்சி, இதுல உக்காருங்க. மூச்சு வாங்குது பாருங்க உங்களுக்கு."

எனக்கு மூச்சு வாங்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி நடந்தேன். தெருவில் நொண்டுவதைவிட வீட்டில் முடங்கிக் கிடப்பது மேல் என்று வரும் வழியெல்லாம் நினைத்தேன். மதியம் புளி கரைத்தபோதும் அதையே நினைத்தேன்.

ஜூன் 6, வியாழன்

ஓர் இடம் கண்டுபிடித்துவிட்டேன்.

டீக்கடையைத் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம் தாக்குப்பிடித்தால் நீளமான மதில் ஒன்று வருகிறது. அதில் ஒரு பிளக்ஸ் பேனர் கட்டியிருக்கிறார்கள். கண்ணீர் அஞ்சலி. உப்பு வியாபாரி எஸ். ஆதிலிங்கம். பட்டுச் சட்டை, பெரிய மீசை, பின்னால் மேகம், மேகத்தில் இரண்டு புறாக்கள். கீழே மகன்கள், மருமகள்கள், சங்கத்து நிர்வாகிகள். எல்லோருக்கும் கடைசியில், சிறிய எழுத்தில், மனைவி தங்கக்கனி. மனைவியை அங்கே போட்டது முறையல்ல. யார் எழுதிக்கொடுத்தார்களோ.

இந்த மனிதரை நான் உயிருடன் பார்த்ததில்லை. ஆனால் ஒரு சாவு அறிவிப்பின் முன்னால் ஒரு பெண் நின்றால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ஸ்டூலும் நீட்டமாட்டார்கள். கால் விடுபடும்வரை நின்றேன். பிறகு நடந்தேன். இரண்டு ஆண்கள் கடந்துபோனார்கள். ஒருவர் எனக்காகக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

ஜூன் 10, திங்கள்

நடந்தேன். நின்றேன். நடந்தேன். சீலா மீன் நன்றாக இருந்தது.

ஜூன் 14, வெள்ளி

வலி அதே இடத்தில்தான் வருகிறது. போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை. நிற்பதற்கென்று ஒரு ஒழுங்கு வகுத்துக்கொண்டேன். இடது கை மதில்மேல். தலை சற்றுக் குனிந்து. வாய் மூடியபடி. கான்வென்டில் முழங்காலில் நிற்கவைத்தால்கூட முதுகு வளையக் கூடாது என்பார் எங்கள் மதர். அந்தப் பழக்கம் உதவுகிறது. கண்ணில் மட்டும் தண்ணீர் வந்துவிடுகிறது. அதைத் தடுக்க வழியில்லை. கைக்குட்டை எடுத்துப்போகிறேன்.

இன்று பேப்பர் போடுகிறவர் சைக்கிளை நிறுத்தினார்.

"நல்ல மனுசன்மா."

"ஆமா" என்றேன்.

அது பொய்யல்ல. அதற்கு மாறான தகவல் எதுவும் என்னிடம் இல்லை.

ஜூன் 22, சனி

நெவில் போன் செய்தான். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டான். உடம்பு நன்றாக இருக்கிறது என்றேன்.

மதிலுக்கு எதிர்வீட்டு மாடி ஜன்னலில் காலை வேளையில் ஒரு பெண் நிற்கிறாள். என்னைத்தான் பார்க்கிறாள். நான் நிமிர்ந்தால் திரையை இழுத்துக்கொள்கிறாள். சேலையைப் பார்க்கிறாள் என்று நினைக்கிறேன். கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் இஸ்திரி செய்த வெள்ளைக் காட்டன் அந்தத் தெருவில் அபூர்வம்தான்.

ஜூலை 5, வெள்ளி

நேற்றைய காற்றில் பேனரின் ஒரு முனை அவிழ்ந்து ஆதிலிங்கத்தின் முகத்தில் மடங்கிக் கிடந்தது. கோணலாக இருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அது என் சுபாவம். வீட்டில் காலண்டர் சாய்ந்திருந்தால்கூட எனக்கு இரவு தூக்கம் பிடிக்காது. வலி அடங்கும்வரை நிற்கத்தானே போகிறோம் என்று கயிற்றை இழுத்து ஆணியில் கட்டினேன். முகத்தில் மண் அப்பியிருந்தது. கைக்குட்டையால் துடைத்துவிட்டேன்.

மாடியில் திரை அசைந்தது. இன்று அவள் ஒளிந்துகொள்ளவில்லை.

ஜூலை 19, வெள்ளி

மதிலருகே வந்தபோது கையை நீட்டிவிட்டேன். பிறகுதான் கவனித்தேன், வலி இல்லை. நம்பிக்கை வராமல் அப்படியே நடந்தேன். போஸ்ட் ஆபீஸ் வாசலில்தான் வந்தது. அங்கே தபால்பெட்டியில் அறிவிப்பைப் படிப்பதுபோல் நின்றேன்.

சின்னக் குழாய்கள் வேலைக்கு வருகின்றனவோ என்னவோ. பாதமும் முன்னைப்போல் சில்லென்று இல்லை. டாக்டர் சொன்னதை ஒரு வாரம் கழித்து நம்பலாம் என்றிருக்கிறேன்.

திரும்பும்போது ஆதிலிங்கத்தைக் கண்டுகொள்ளாமல் கடப்பது மரியாதைக் குறைவாகத் தோன்றியது. இத்தனை நாள் முகத்துக்கு முகம் நின்றிருக்கிறோம். லேசாகத் தலையசைத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 7, புதன்

எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மாலை என் நாத்தனார் ஜெசிந்தா வந்தாள். திருவிழாவில் வாங்கிய மக்ரூன் கொண்டுவந்தாள். நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஊர்ச் செய்தி பேசாமல் காபி இறங்காது.

"மைனி, உப்பு ஆதிலிங்கம்னு ஒருத்தர் மே மாசம் செத்தாருல்லா? அவரு பொண்டாட்டி சாப்பிடவே மாட்டேங்காளாம். அவருக்குத் தொடுப்பு இருந்துச்சாம் மைனி!"

"ஊர்க்கதை எனக்கெதுக்கு?"

"கேளுங்க. அவளும் வயசானவதானாம்! நம்ம வேதக்காரப் பொம்பளையாம். விடியக்காலம் வந்து அவரு போட்டோவுக்கு முன்னால நின்னு சத்தமில்லாம அழுவாளாம். போகும்போது ஒருக்கா, வரும்போது ஒருக்கா. போட்டோ சாஞ்சு கெடந்தா நிமித்திக் கட்டுவாளாம். மூஞ்சியக்கூடத் தொடச்சு விட்டாளாம், பாத்துக்கிடுங்க. அந்தத் தங்கக்கனி எதிர்ல மாடியில நின்னு எல்லாத்தையும் பாத்திருக்கா."

கத்தி நின்றுவிட்டது. வெண்டைக்காயைப் பார்த்தபடியே கேட்டேன்.

"யாருன்னு தெரியுமா?"

"தெரியலையாம். பேப்பர்காரன் கேட்டதுக்கு, ஆமா, நல்ல மனுசன்னு அவளே ஒத்துக்கிட்டாளாம். நெட்டையா இருப்பாளாம், வெள்ளச் சேலையாம்." ஜெசிந்தா என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "உங்க மைனி மாதிரின்னு ஒருத்தி சொன்னா. செருப்பு பிஞ்சிரும்னு சொல்லிட்டு வந்தேன். விடுங்க, யாருன்னு நான் கண்டுபிடிச்சிருவேன்."

அவள் கண்டுபிடித்துவிடுவாள். அவளால் முடியும்.

என் கணவர் ஆல்ஃபி இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. இந்த ஊரில் கொரேரா வீட்டுக் கிளாரிஸான என்னைப் பற்றி யாரும் குரலைத் தாழ்த்திப் பேசியது கிடையாது.

ஆகஸ்ட் 8, வியாழன்

நடக்கவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

நடக்கவில்லை. அலமாரிகளைத் துடைத்தேன். அவை அழுக்காக இல்லை.

ஆகஸ்ட் 10, சனி

பின்தெரு வழியாகப் போய்ப்பார்த்தேன். சாக்கடைக்குக் குழி தோண்டிப் போட்டிருக்கிறார்கள். நாய்கள் வேறு. பாதியில் திரும்பினேன். நெவில் போன் செய்தான். உடம்பு நன்றாக இருக்கிறது என்றேன். இந்த முறை அதைச் சொல்லக் கொஞ்சம் நேரமானது.

ஆகஸ்ட் 12, திங்கள்

மாத்திரை சீட்டுக்காக ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். டாக்டரே எடுத்தார்.

"நடக்கிறீங்கல்ல மேடம்?"

"நாலஞ்சு நாளா இல்ல."

"ஏன், வலி கூடிடுச்சா?"

"இல்ல. வேற காரணம்."

"காரணம் எதுவா இருந்தாலும் குழாய்க்குத் தெரியாது மேடம். விட்டீங்கன்னா அது பழையபடி சுருங்கிக்கும். செப்டம்பர்ல நான் சும்மா பேசி அனுப்ப மாட்டேன், ஆமா."

இரண்டு வழிதான் இருக்கின்றன. அந்தப் பெண்ணிடம் போய் என் காலைப் பற்றிச் சொல்லலாம். சொன்னால் மதியத்துக்குள் ஜெசிந்தாவுக்குத் தெரியும், சாயங்காலத்துக்குள் நெவிலுக்குத் தெரியும். அத்துடன் இந்த வீடு போய்விடும். அல்லது நாளை முதல் அந்த மதிலைத் திரும்பிப் பாராமல் நடக்கலாம். நான் நிற்காவிட்டால் பேச்சும் நின்றுவிடும்.

இரண்டாவதைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

பேனர் இல்லை. மதிலில் கயிறு மட்டும் தொங்கியது.

திரும்பிப் பாராமல் போவதென்று முடிவு செய்திருந்தவள் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். பேப்பர்காரர் சைக்கிளை விட்டு இறங்காமல், என் முகத்தையும் பாராமல் சொன்னார்.

"அந்தம்மாதான் கழட்டச் சொல்லிட்டாங்க. வீட்டுக்குள்ள மாட்டியிருந்த படத்தையும் எறக்கி, செவத்தப் பாக்கத் திருப்பி வச்சிட்டாங்களாம். மகன்மாரு சண்டை போடுதாங்க. அவருக்குத் திதி குடுக்கக் கூடாதுன்னு அந்தம்மா நிக்கிறாங்களாம்."

சொல்லிவிட்டுப் பெல் அடித்தபடி போய்விட்டார். அவருக்கு முன்னால் யாரும் இல்லை. இருந்தும் எதற்கு அடித்தாரோ.

ஆகஸ்ட் 14, புதன்

திரைகளைத் துவைத்தேன். பித்தளை விளக்கையும் கிண்ணத்தையும் புளி போட்டு விளக்கினேன். மெழுகுவர்த்தித் தண்டுகளையும் விளக்கினேன். சமைக்கவில்லை.

ஆதிலிங்கம் எனக்கு யாரும் அல்ல. அவர் நல்லவரா கெட்டவரா என்பதுகூட எனக்குத் தெரியாது. ஆனால் இந்த ஒன்றைச் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். அவர் மனைவிக்குத் தெரியாது. அவரால் எழுந்துவந்து சொல்லவும் முடியாது. சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். நான் பித்தளை விளக்கிக்கொண்டிருக்கிறேன்.

ஆல்ஃபியின் படத்தை யாரோ ஒருத்தியின் கால்வலிக்காக நான் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தால்?

நாளை பரலோக மாதா திருநாள். பூசைக்குப் போவேன். நாளை மறுநாள் அவள் வீட்டுக்குப் போவேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஐந்தரைக்குக் கேட்டைத் திறந்தேன். நான் போக வேண்டியிருக்கவில்லை. அவளே என் வாசலில் நின்றிருந்தாள்.

குள்ளமான, கனத்த உடம்பு. நைட்டிக்கு மேல் ஒரு துண்டு போட்டிருந்தாள். சாப்பிடாத முகம். என்னைக் கால்முதல் தலைவரை பார்த்தாள்.

"நாந்தான் தங்கக்கனி."

"தெரியும். உங்ககிட்டதான் வரலாம்னு இருந்தேன்."

"ரெண்டு நாளா ஒங்க பின்னால வந்து வீட்டக் கண்டுபிடிச்சேன். சண்டைக்கு வரலம்மா. கத்த மாட்டேன். எத்தன வருசம்னு மட்டும் சொல்லுங்க. அது தெரியாமத்தான் ஒறங்க முடியல."

நான் நிமிர்ந்தே நின்று சொன்னேன். "உங்க வீட்டுக்காரரை எனக்குத் தெரியாது. உயிரோட இருக்கும்போது ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல."

"தெரியாதவருக்கா அழுதீக?"

"அழலை. கால்வலி. என் இடது கால்ல ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. கொஞ்ச தூரம் நடந்தா வலி வரும். வந்தா நிக்கணும். தெருவில நொண்டிக்கிட்டு நிக்க எனக்கு வெட்கமா இருந்துச்சு. அதனால அந்தப் பேனர்கிட்ட நின்னேன்."

இந்த வார்த்தைகளை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னதும் அவள் சிரித்துவிட்டாள். சந்தோஷமான சிரிப்பல்ல.

"கால்வலி! எம்மா, அந்த மனுசன்கூட நாப்பது வருசம் குடும்பம் நடத்துனவ நான். இதவிட நல்ல பொய்யெல்லாம் அவரு சொல்லிக் கேட்டிருக்கேன். ஏன், ஒங்க வலி ஊர்ல வேற எங்கயும் வராதோ? கரெக்டா எம்புருசன் போட்டோகிட்டத்தான் வருமோ?"

"வலி வந்த இடத்துல அவர் இருந்தார். அவ்வளவுதான்."

"தொடச்சு விட்டீகளே. அதுவும் வலியா?"

"கோணலா இருந்தா எனக்குப் பிடிக்காது."

சொல்லும்போதே அது எப்படிக் கேட்கிறது என்று தெரிந்தது. அவள் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"சரி. நடங்க. கூட வாரேன். எங்க வலிக்குன்னு எங்கண்ணால பாக்கேன்."

நடந்தோம். தையல்கடை, ஐஸ் கம்பெனி, டீக்கடை. பெஞ்சில் பேச்சு அடங்கியது. எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்தால் யாருக்கும் பேச்சு அடங்கும். மதில் வந்தது. கயிறு தொங்கிய இடத்தில் தங்கக்கனி நின்றாள்.

"வலிக்கா?"

"இல்ல."

"தினமும் இங்கதான் வரும்னீக."

"முதல்ல வந்துச்சு. நடந்து நடந்து இப்ப தள்ளிப்போயிருச்சு. டாக்டர் அப்படித்தான் ஆகும்னு சொன்னாங்க."

"ஆமாமா. அவரு போட்டோ இருந்தா வலிக்கும். கழட்டிட்டா வலிக்காது."

ஜூலையில் இதே இடத்தை வலியில்லாமல் தாண்டியபோது வெற்றி என்று எழுதாவிட்டாலும் அப்படித்தான் நினைத்தேன். இன்று அதே கால் என்னைப் பொய்க்காரியாக்கிவிட்டது. அவள் வந்த வழியே திரும்பிப் போகப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்துவிட்டேன். அந்நியர்களைத் தொடுவது என் வழக்கமல்ல.

"இன்னும் கொஞ்ச தூரம் வாங்க. போஸ்ட் ஆபீஸ்ல வரும்."

போஸ்ட் ஆபீஸில் ஒரு சின்ன இறுக்கம் வந்தது. அப்பாடா என்று இருந்தது. நான்கு எட்டு வைப்பதற்குள் கரைந்துபோனது. தங்கக்கனி என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வேகத்தைக் கூட்டினேன். வாழ்க்கையில் அப்படி நடந்ததில்லை. சேலை மடிப்பு அவிழ்ந்ததைச் சரிசெய்யவில்லை. மாதா கோயில் வந்தது. மற்ற நாட்களில் வாசலில் நின்று சிலுவை போட்டுக்கொள்வேன். நின்றால் கால் ஆறிவிடும் என்று நடந்தபடியே போட்டுக்கொண்டேன். உடல்நலம் கேட்டுப் பழகிய வாய். இன்று, தாயே, வலியைக் கொடு, இப்போதே கொடு என்று கேட்டேன்.

"எம்மா, மெல்லப் போங்க! எனக்கு நெஞ்ச அடைக்கி!"

"வலி வரலன்னா நீங்க நம்ப மாட்டீங்க. வாங்க."

"நம்ப வைக்கணும்னு ஒங்களுக்கென்ன வந்துச்சு?"

பதில் சொன்னால் மூச்சு வீணாகும். பீச் ரோடு வந்துவிட்டது. கடலில் படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் எங்களுக்கு வழிவிட்டார்கள். பின்னால் தங்கக்கனியின் செருப்புச் சத்தம் நின்று நின்று வந்தது. எங்கே விட்டுவிட்டுத் திரும்பிவிடுவாளோ என்ற பயத்தில் நானும் திரும்பிப் பார்க்கவில்லை.

பழைய துறைமுகத்தின் வாசல் தெரிந்தபோது வந்தது. முதலில் யாரோ கெண்டைக்காலில் விரல்களை வைத்தது போல. பிறகு அந்த விரல்கள் மூடின. வழக்கமாக இங்கே வாயை இறுக்கிக்கொள்வேன். இன்று இறுக்கவில்லை. நிற்கவும் இல்லை. டாக்டர் சொன்னதைத் தாண்டியும் நடந்தேன், தசை முழுக்கக் கல்லாகி, கால் என்னுடையதில்லை என்று ஆகும்வரை நடந்தேன். பிறகு பிடித்துக்கொள்ள மதில் இல்லாததால் தங்கக்கனியின் தோளைப் பிடித்தேன். ஏதோ சத்தம் கேட்டது. அது என் வாயிலிருந்து வந்தது.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அந்தக் கனத்த உடம்போடு ரோட்டில் குந்தி, என் சேலையைச் சற்று விலக்கி, கெண்டைக்காலைத் தொட்டாள்.

"கல்லாட்டம் இருக்கே."

பாதத்தைத் தொட்டாள்.

"ஐயோ, சவம் மாதிரி சில்லுன்னு கெடக்கே! இந்தக் காலவா இம்புட்டுத் தூரம் இழுத்துக்கிட்டு வந்தீக?"

கண்ணில் தண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை. அவள் பார்க்க வேண்டும் என்றே விட்டேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இத்தனை வாரமாக மாடியிலிருந்து பார்த்த அழுகை இதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் உதடு கோணியது.

"அவர செவத்தப் பாக்கத் திருப்பி வச்சிட்டேனே" என்றாள். அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். நடந்துபோனவர்கள் எங்களைச் சுற்றிப் போனார்கள். ஒரு விதவை நின்றுகொண்டும் இன்னொரு விதவை உட்கார்ந்துகொண்டும் அழுதோம். நான் வலியில் அழுதேன் என்று எழுதிவைக்கிறேன்.

கால் விடுபட்டதும் பக்கத்துக் கட்டையில் உட்கார்ந்தோம்.

"ஒங்க காலப் பத்தி யார்ட்டயும் மூச்சு விட மாட்டேம்மா" என்றாள். "மறைச்சு வச்சிருந்தீகன்னா ஏதோ காரணம் இருக்கும்."

கேட்க மிகவும் நன்றாக இருந்தது. ஒரு நிமிடம் அதை வைத்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க சொல்லாட்டா அவர் பேர் எப்படித் திரும்பும்? உங்க மகன்மார் நம்பணும். தெரு நம்பணும். பேப்பர்காரன்கிட்ட சொல்லுங்க, அவன் ஒருத்தனே போதும். கொரேரா வீட்டு அம்மாவுக்குக் கால்ல அடைப்பு, வலி வந்து நின்னதத்தான் எல்லாரும் பார்த்தாங்கன்னு சொல்லுங்க."

"ஒங்களுக்கு ஒண்ணும் வராதுல்லா?"

"வரும். அது என் பாடு."

தங்கக்கனியால் திரும்பி நடக்க முடியவில்லை. ஆட்டோ பிடித்தோம். அது எனக்காக அல்ல.

வீட்டுக்குள் வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் நெவிலுக்குப் போன் செய்தேன். ஜெசிந்தா சொல்லி அவன் கேட்கக் கூடாது.

"என்னம்மா, இந்நேரத்துல? என்ன ஆச்சு?"

ஜூனில் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அடைப்பு, மாத்திரை, நடை, செப்டம்பர். எதையும் குறைக்கவில்லை.

"ஜூன்லயா? வாராவாரம் கேட்டேன்ல, உடம்பு நல்லாருக்கு, நல்லாருக்குன்னு சொன்னீங்களேம்மா!" அவன் குரல் உயர்ந்தது. "பிப்ரவரில நீங்க என்ன சொன்னீங்க?"

"ஞாபகம் இருக்கு. அதுக்குத்தான் கூப்பிட்டேன். நான் வாக்குக் கொடுத்திருக்கேன். நீ வான்னு சொன்னா வாரேன். மறுத்துப் பேச மாட்டேன்."

அவன் பக்கத்தில் யாரோ பாத்திரம் உருட்டினார்கள். கதவு ஒன்று சாத்தப்பட்டது. நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்க்காமல் நின்றேன்.

"இப்ப எவ்வளவு தூரம் நடக்க முடியுது உங்களால?"

"இன்னைக்குப் பழைய துறைமுகம் வரைக்கும் போனேன்."

"எங்கருந்து?"

"வேற எங்கருந்து? நம்ம வீட்லருந்துதான்."

சின்ன வயதில் அந்தத் தூரத்துக்குத் தூக்கச்சொல்லி அவன் அப்பாவிடம் அழுதிருக்கிறான். அந்தத் தூரம் அவனுக்குத் தெரியும்.

"எத்தனை இடத்துல நின்னீங்க?"

"நிக்கல. அங்க போய்த்தான் நின்னேன்."

வீட்டைப் பற்றிய வார்த்தை வரும் என்று காத்திருந்தேன்.

"டாக்டர் நம்பர் குடுங்க, நான் பேசறேன்" என்றான். "ஒவ்வொரு தடவையும் அவங்கட்ட போய்ட்டு வந்து எனக்குச் சொல்லணும். எல்லாத்தையும்."

"சொல்றேன்."

"டிசம்பர்ல லீவுக்கு வாரேன். ஒருநாள் உங்ககூட நடந்து பாக்கணும்."

"வா" என்றேன். "ஆனா அஞ்சரைக்குக் கிளம்பிருவேன். யாருக்காகவும் காத்திருக்க மாட்டேன்."